சட்டைப்பை பிஸ்டல்: மதுரைப் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் பெரியப்பா ஒரு மஞ்சப்பையோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார். பைக்குள் பழைய துண்டு, துண்டுக்குள் தோலுறை, உறைக்குள் வெப்ளி அண்டு ஸ்காட் .32 பிஸ்டல். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். ராத்திரி நேரத்தில் பணத்தோடு வர வேண்டியிருந்த காலத்தில் எடுத்த லைசென்ஸ் அது. தேர்தல் முடியும்வரை பிஸ்டலை ஸ்டேஷனில் ஒப்படைத்துவைக்கச் சொல்வார்கள். ஒருமுறை தேர்தல் முடிந்து திரும்ப வாங்கிவந்து உறையிலிருந்து உருவினால், ஸ்லைடின் (குழலுக்கு மேல் முன்னும் பின்னும் நகரும் பகுதி) இடது பக்கம் கட்டைவிரல் அகலத்துக்குத் துரு. ரேகை கூடத் தெரிந்தது. வியர்த்த கையால் பிடித்து அப்படியே உறைக்குள் திணித்துக் கொடுத்திருக்கிறார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தத் துருவைத் துடைக்க உட்கார்ந்த மத்தியானம்தான் எனக்கு இந்தச் சின்ன இரும்புப் பிஸ்டல்கள் மேல் கிறுக்குப் பிடித்தது.

அதற்கப்புறம் இதே கிறுக்கோடு என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத வாங்கலாம்ணே?" என்பதுதான். அதைக் கடைசியில் பேசுவோம்.

முதலில் காகிதம்

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் கண்ணாடி அலமாரியில் முப்பது நாற்பது பிஸ்டல்களை வரிசையாக வைத்திருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு இதில் இறங்க வேண்டாம். நம் ஊரில் சேகரிப்பு என்றால் அதிகபட்சம் இரண்டு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் முன்பு மூன்று வரை அனுமதித்தது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்துவிட்டது. அந்த இரண்டில் தாத்தா விட்டுப்போனதும் சேரும். பரம்பரைச் சொத்து என்று மூன்றாவதாக ஒன்றை வைத்துக்கொள்ள வழியில்லை. ஏற்கெனவே வீட்டில் ஒரு இரட்டைக்குழல் இருக்கிறது என்றால், உங்கள் பிஸ்டல் சேகரிப்பு மொத்தமே ஒன்றுதான்.

அதனால் இங்கே இந்த ஆசை வேறு மாதிரி வளர வேண்டியிருக்கிறது. நிறைய ஒப்பிட வேண்டும், கொஞ்சமாக வாங்க வேண்டும். நான் இருபது விதமான பிஸ்டல்களைக் கையில் எடுத்துப் பார்த்து, குறித்து வைத்திருக்கிறேன். என் பெயரில் இருப்பது ஒன்று.

லைசென்ஸுக்கு இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும். மதுரை மாநகர எல்லைக்குள் இருந்தால் போலீஸ் கமிஷனர், வெளியே மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்றால் கலெக்டர். விண்ணப்பத்தை இப்போது ஆன்லைனில் போடுகிறார்கள். போலீஸ் விசாரணை, டாக்டர் சான்றிதழ், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ் எல்லாம் உண்டு. ஏன் வேண்டும் என்று கேட்பார்கள். "ஆசையா இருக்கு சார்" என்பது காரணம் ஆகாது. கிடைத்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். கிடைக்காமலும் போகலாம். அதிகாரி மனம் வைக்க வேண்டிய விஷயம் இது.

லைசென்ஸ் இல்லாமல் கையில் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு வருடம், ஐந்து வருடம் வரை சிறை. அதனால் "பேப்பர் இல்ல, ஆனா பீஸு சுத்தமா இருக்கு" என்று யாராவது சொன்னால் விலை கேட்கவே கேட்காதீர்கள். டீயைக் குடித்து முடிக்காமல் கூட எழுந்து வந்துவிடலாம், தப்பில்லை. நம்பர் அழித்ததும் நாட்டுத் துப்பாக்கியும் அப்படித்தான்.

அடுத்து போர், அதாவது குழலின் விட்டம். 9 மி.மீ., .38, .455 கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. நமக்குக் கிடைப்பது என்.பி. போர், அதாவது தடை செய்யப்படாத விட்டங்கள்: .32, .25, .22. சட்டைப்பை பிஸ்டல் பிரியர்களுக்கு இது ஒரு வகையில் அதிர்ஷ்டம்தான். இந்த வகையின் நல்ல பிஸ்டல்கள் பெரும்பாலும் .32, .25இல்தான் பிறந்தன.

எங்கிருந்து வந்தது இந்தச் சின்னது

ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை செய்த பிஸ்டலோடு 1899இல் .32 தோட்டா வந்தது. மில்லிமீட்டரில் சொன்னால் 7.65. அதையே இன்னும் சுருக்கி 1905இல் .25, அதாவது 6.35. அதற்கு முன்பு சின்னதாக வேண்டுமென்றால் குட்டி ரிவால்வர்தான். அதன் உருளை சட்டைப்பையில் புடைத்துக்கொண்டு நிற்கும். பிரவுனிங் செய்தது தட்டையாக, சோப்புக்கட்டி மாதிரி இருந்தது.

இதன் வேலை எளிது. குழல் பெரும்பாலும் அசையாது. சுட்டதும் தோட்டாக்கூடு பின்னால் உதைக்கும். அந்த உதையை ஸ்லைடின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும் தாங்கிக்கொள்ளும், தனியாகப் பூட்டு எதுவும் கிடையாது. அதனால்தான் ஸ்லைடு கையில் எடுத்தால் கனக்கிறது. பிடியோடு சேர்ந்த அடிப்பகுதியான சட்டகமும் அன்றைக்கு இரும்பைக் குடைந்துதான் வந்தது. லேசான அலுமினியக் கலவையும் பிளாஸ்டிக்கும் பிறகு வந்தவை. ஒரு பழைய பிஸ்டலை உள்ளங்கையில் வைத்தால் தராசுப் படிக்கல் மாதிரி இறங்கி உட்காருமே, அதுதான் எனக்குப் பிடித்தது.

மணியாச்சி நம் ஊரிலிருந்து தூத்துக்குடி லைனில்தான் இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று அங்கே ரயில் பெட்டிக்குள் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால்தான். 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் எஃப்.என். 1910. தமுக்கத்துக்குப் பக்கத்தில் காந்தி மியூசியம் இருக்கிறதே, அங்கே காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணியைப் பார்த்திருப்பீர்கள். அந்த மூன்று குண்டுகளும் வந்தது இத்தாலியின் பெரெட்டா 1934 என்ற, முழுக்க இரும்பில் செய்த சின்ன பிஸ்டலிலிருந்து. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் இந்த வகையை விரும்ப வேண்டியிருக்கிறது. நான் புதிதாக வருகிறவர்களை முதலில் அந்த மியூசியத்துக்குக் கூட்டிப்போய்விடுவேன்.

எதை எதோடு ஒப்பிடுவது

1980களின் நடுவிலிருந்து தனியாருக்குக் கைத்துப்பாக்கி இறக்குமதி கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அதற்கு முன்பு நாட்டுக்குள் வந்தவைதான் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. சரக்கு பெருகாது, குறையத்தான் செய்யும். அதனால் அமெரிக்காவில் ஒரு பழைய பைக் விலைக்குப் போகிற பிஸ்டலை இங்கே லட்சங்களில் பேசுகிறார்கள். கண்ணில் படுவது இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்ளி அண்டு ஸ்காட் .32. பர்மிங்காமில் செய்தது, 1908 மாடல். லண்டன் மாநகரப் போலீஸ் 1911இல் எடுத்துக்கொண்டது. எட்டுத் தோட்டா. சுத்தியல் வெளியே தெரியும், ஏற்றியிருக்கிறதா இல்லையா என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். அழகு என்று சொல்ல முடியாது. பிடி கிட்டத்தட்ட நேராக நிற்கும், பழைய காலத்து டிரில் மிஷின் மாதிரி இருக்கும். ஆனால் இதன் உள்ளே ஒரு வேடிக்கை உண்டு. மற்ற பிஸ்டல்களில் ஸ்லைடுக்கான ஸ்பிரிங் குழலுக்கு மேலேயோ கீழேயோ சுற்றிலுமோ சுருளாக இருக்கும். வெப்ளியில் பிடியின் வலது பக்கத் தகட்டைக் கழற்றினால், அதற்கடியில் நம் பாக்குவெட்டியை விரித்து வைத்த மாதிரி ‘வி’ வடிவத்தில் ஒரு பட்டை ஸ்பிரிங் படுத்திருக்கும். பெரியப்பாவின் பிஸ்டலில் அதை முதன்முதலாகப் பார்த்தபோது ஏதோ உடைந்து உள்ளே விழுந்து கிடக்கிறது என்றே நினைத்தேன். தெரியாதவர்கள் கழற்றினால் திரும்பப் பூட்ட முடியாது. அதனால் பிடியின் தகட்டில் திருகாணித் தலை சிதைந்த வெப்ளியைப் பார்த்தால், யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எஃப்.என். 1910. ஆறு அங்குலம், 590 கிராம், ஏழு தோட்டா. ஸ்பிரிங் குழலையே சுற்றி வருவதால் முன்பக்கம் உருண்டையாக, வழவழவென்று இருக்கும். சட்டைப்பையில் எதுவும் மாட்டாது. பிடியின் பின்புறம் உள்ளங்கை அழுத்தினால்தான் சுடும் ஒரு பாதுகாப்புத் தகடு உண்டு. உள்ளே சுத்தியல் இல்லை, தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசிதான். ஊசியின் ஸ்பிரிங்கை வருடக்கணக்கில் இழுத்தபடியே வைத்திருந்தால் சோர்ந்துபோகும். பரணில் கிடந்தவற்றில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கோல்ட் 1903. தங்கம் இல்லை, அமெரிக்கக் கம்பெனியின் பெயர். இதுவும் பிரவுனிங் வரைந்ததுதான். 680 கிராம், எட்டுத் தோட்டா. நான்கு பத்தாண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். சுத்தியல் உண்டு, ஆனால் ஸ்லைடுக்குள் மறைந்திருக்கும். கையில் எடுத்தவற்றில் பிடிப்புக்கு இதைத்தான் முதலில் வைப்பேன். சட்டைப்பைக்குக் கொஞ்சம் பெரிசு, வேட்டி மடிப்புக்கும் பெரிசு.

வால்தர் பி.பி. 1929இலும், அதன் தம்பி பி.பி.கே. அதற்குச் சற்றுப் பின்னும் வந்தன. முதல் குண்டுக்குச் சுத்தியலைத் தனியாக ஏற்ற வேண்டாம், விசையை நீளமாக இழுத்தாலே போதும். அடுத்த குண்டிலிருந்து இழுப்பு சின்னதாகிவிடும். இந்த இரண்டு விதமான இழுப்பையும் சோதிக்காமல் பி.பி.கே.யை யாரும் பாராட்டக் கூடாது. இரண்டாம் உலகப்போருக்கு முந்தியவை ஜெர்மனியின் செல்லா மெஹ்லிஸ் ஊர்ப் பெயரோடு வரும். போருக்குப் பின் பிரான்ஸில் மனூரின் கம்பெனி செய்தது, அப்புறம் உல்ம் ஊர்ப் பெயர். என் கணிப்பில், இதன் விலையில் பாதி ஜேம்ஸ் பாண்ட் சினிமாவுக்குக் கொடுப்பது.

.25இல் எஃப்.என். 1906 மாடலும் அதன் அமெரிக்க அண்ணன்தம்பி கோல்ட் 1908உம் உண்டு, நாலரை அங்குல நீளம். 1931இல் வந்த பேபி பிரவுனிங் அதையும்விடச் சின்னது, நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், எடை 275 கிராம் அளவுக்கு. இயந்திர வேலைப்பாட்டுக்கு இவற்றை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சின்ன விரல் வைக்க இடமிருக்காது, குறி பார்க்க ஒரு கோடுதான் இருக்கும். ரசிப்பதற்கு வாங்கலாம், பாதுகாப்புக்கு என்று நம்பி வாங்க வேண்டாம்.

ரூபி வகை என்று ஸ்பெயினின் ஐபார் ஊரில் செய்த .32 பிஸ்டல்களும் வரும். முதல் உலகப்போரில் பிரெஞ்சு ராணுவத்துக்காக ஊரிலுள்ள பட்டறைகள் எல்லாம் சேர்ந்து செய்து தள்ளியவை. ஒரு பட்டறையின் மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு) இன்னொன்றில் நுழையாது. விலை குறைவு என்று எடுத்துவிட்டு, மேகசின் தேடி வருடக்கணக்கில் அலைந்தவர் ஒருவரைத் தெரியும். ஆரம்பத்திலேயே வேண்டாம்.

நம் நாட்டு அசானி .32ஐ மறந்துவிடக் கூடாது. அரசு ஆயுதத் தொழிற்சாலைத் தயாரிப்பு. பழம்பெருமை கிடையாது, வேலைப்பாடும் கொஞ்சம் முரடு. ஆனால் புதிது, பில்லோடு வரும், காகிதத்தில் சிக்கல் வராது.

மேஜையில் வைத்துப் பார்ப்பது

லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியின் கடையில், அவர் முன்னிலையில்தான் எல்லாமே. கையில் வந்ததும் முதல் வேலை மேகசினை உருவுவது. இரண்டாவது, ஸ்லைடை இழுத்துக் குழலின் அறைக்குள் கண்ணால் பார்ப்பது. மேகசினை எடுத்துவிட்டால் காலி என்று நினைத்து நடந்த விபத்துகள் நிறைய. ஒரு தோட்டா அறைக்குள்ளேயே இருக்கும். வியாபாரி "காலிதாங்க" என்று சொல்லிக் கொடுத்தாலும் நீங்கள் பாருங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

அப்புறம் காந்தம். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டகத்தில் ஒட்டினால் இரும்பு. பி.பி.கே.யில் சிலவற்றுக்கு அலுமினியக் கலவைச் சட்டகம் உண்டு, மலிவு .25களில் துத்தநாக வார்ப்பு வரும். மேலே கறுப்புப் பூச்சு ஒரே மாதிரிதான் இருக்கும், காந்தத்தை ஏமாற்ற முடியாது. கேட்டுவிட்டு ஒட்டிப் பாருங்கள், உரசிவிடாதீர்கள்.

அடுத்து வெளிச்சம். ஜன்னல் பக்கம் திரும்பி, ஸ்லைடின் தட்டையான பக்கத்தில் ஜன்னல் கம்பியின் பிம்பம் விழும்படி பிடியுங்கள். கம்பி நேராகத் தெரிந்தால் தொழிற்சாலையில் தேய்த்தபடியே இருக்கிறது. வளைந்து நெளிந்தால் யாரோ துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி சாயம் ஏற்றியிருக்கிறார்கள். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, திருகாணிக் குழியின் விளிம்பு கிண்ணம் மாதிரி இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் பக்கம் நிறைய பிஸ்டல்களுக்கு நிக்கல் பூச்சு போட்டுப் பளபளவென்று ஆக்கிவிட்டார்கள். கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி ஜொலிக்கும். எனக்கு அது வேண்டாம். சாயம் பாதி போய், விளிம்பில் வெள்ளி தெரிந்தாலும் அசல் அசல்தான்.

முத்திரைகள் ஊரைக் காட்டிக்கொடுக்கும். பெல்ஜியத்தில் சோதித்ததில் நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. எழுத்துகளும் மேலே கிரீடமும் இருக்கும். ஜெர்மனியில் கிரீடத்துக்குக் கீழே என் எழுத்து, 1940 வாக்கிலிருந்து கிரீடத்துக்குப் பதில் கழுகு. எஃப்.என். பிஸ்டல்களில் சட்டகம், ஸ்லைடு, குழல் மூன்றிலும் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் விலையைக் குறைக்கலாம். லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள நம்பர் சட்டகத்தில் உள்ள நம்பரோடு ஒத்துப்போகவில்லை என்றால் அது விலைப் பேச்சே இல்லை, வாங்காமல் வந்துவிட வேண்டியதுதான்.

குழலைக் கழற்றிக்கொடுக்கச் சொல்லி வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். பழைய காலத் தோட்டாக்களின் மருந்து உப்புப் படியவிட்டு அரித்துவிடும். அம்மை வடு மாதிரி குழி தெரிந்தால் பழையபடி ஆக்க முடியாது. காலியாக விசையைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்க்காதீர்கள், தொண்ணூறு வருட ஊசி உடைந்தால் அதே ஊசி எங்கேயும் கிடைக்காது.

ஒரே .32 இல்லை

புதியவர்கள் எல்லோரும் இடறும் இடம் இது. கான்பூரில் செய்கிற .32 ரிவால்வருக்கான தோட்டாவும் .32 பிஸ்டலுக்கான தோட்டாவும் வேறு வேறு. ரிவால்வர் தோட்டா நீளமானது, அடியில் விளிம்பு அகலமாக இருக்கும், 7.65க்கு 23 மி.மீ. பிஸ்டல் தோட்டா 7.65க்கு 17. லைசென்ஸில் வெறுமனே ".32" என்று எழுதியிருப்பதைக் காட்டி வாங்கி வந்து வீட்டில் முழிக்க வேண்டாம். கடையில் "பிஸ்டல் ரவுண்டு" என்று சொல்லிக் கேளுங்கள். அடியில் கே.எஃப். என்று பொறித்திருந்தால் கிர்க்கி தொழிற்சாலைத் தயாரிப்பு. வருடத்துக்கு இத்தனை என்று அளவு உண்டு, அது உங்கள் லைசென்ஸிலேயே இருக்கும்.

கைமாற்றுவது

வியாபாரியிடம் இல்லாமல் இன்னொரு லைசென்ஸ்தாரரிடம் வாங்குவதானால், விற்கிறவர் கமிஷனருக்கோ கலெக்டருக்கோ அல்லது பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து நாற்பத்தைந்து நாள் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் பிஸ்டல் கைமாறக் கூடாது. என்னைக் கேட்டால் பணமும் வேண்டாம்.

குடும்பத்துக்குள் வருவது வேறு வழி. வைத்திருப்பவருக்கு எழுபது வயதாகிவிட்டாலோ, இருபத்தைந்து வருடம் வைத்திருந்துவிட்டாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். வாரிசுக்கும் தகுதி பார்த்து லைசென்ஸ் கொடுத்தால்தான் வரும். எங்கள் பெரியப்பா இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். "நான் இன்னும் இருக்கேன்டா" என்பார். இறந்தபின் அதை உடனே ஒப்படைத்துவிட்டு, அது என் பெயருக்கு வருவதற்குள் எவ்வளவு படி ஏறினேன் என்று கணக்கு வைக்கவில்லை. துக்க வீட்டில் பதினாறாம் நாள் வரை பீரோவிலேயே கிடக்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். லைசென்ஸ் அவரோடு போய்விட்டது. ஸ்டேஷனிலோ வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்வது

பூட்டிய பெட்டி, தோட்டா வேறு பெட்டியில், சாவி குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், கொஞ்ச நாளில் பசை மாதிரி ஆகி ஊசியைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கிக்கென்றே விற்கிற எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

ஆயுத பூஜைக்கு வைக்காமல் இருக்க மாட்டோம், எனக்கும் தெரியும். காலியாக்கி, லைசென்ஸ்தாரர் கண் முன்னாலேயே வையுங்கள். ஆனால் சந்தனத்தை இரும்பின் மேல் வைக்காதீர்கள். அது ஈரம். ராத்திரி முழுக்க இருந்தால் பொட்டு வைத்த இடத்தில் பொட்டு அளவுக்கே துரு வந்துவிடும். எங்கள் வீட்டில் சந்தனமும் குங்குமமும் பெட்டிக்கு, பிஸ்டலுக்கு ஒரு கதம்பத் துண்டு மட்டும். திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு இப்போது இரண்டு வருடம் வரை சிறை, லட்ச ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

லைசென்ஸ் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பழைய விலைப்பட்டியல்கள், விளம்பரங்கள், தோலுறைகள், துப்புரவுக் கம்பிகள், காலிப் பெட்டிகள் எல்லாம் சேர்க்கலாம். சென்னை எழும்பூர் மியூசியத்திலும் கோட்டை மியூசியத்திலும் ஆயுதங்களைப் பார்க்கலாம். ஒரு நோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பார்த்த ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒரு பக்கம்: மாடல், ஊர் முத்திரை, எடை, கைக்கு எப்படி உட்கார்ந்தது, கேட்ட விலை. பத்துப் பக்கம் நிரம்புவதற்குள் உங்களுக்கு வேண்டியது எது என்று உங்கள் கையே சொல்லிவிடும். எனக்கு எஃப்.என். 1910 என்று சொன்னது. வந்து சேர்ந்தது பெரியப்பாவின் வெப்ளி.

சரி, தேர்தல் வந்துவிட்டது, ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிட்டது என்று வையுங்கள். முந்தின நாள் ராத்திரியே தோலுறையிலிருந்து எடுத்துவிடுங்கள். தோல் பதனிட்ட மருந்தும் அது இழுக்கிற ஈரமும்தான் துருவுக்குக் காரணம். உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும்போது ரசீதில் சட்டகத்தின் நம்பர் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். எழுத்தர் அவசரத்தில் 7ஐ 1 என்று எழுதிவிடுவார், எனக்கு எழுதியிருந்தார். ரிசல்ட் வந்தபின் வாங்கிவந்ததும், உறையில் போடாமல், முதலில் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். எங்கள் வெப்ளியின் இடது பக்கத்தில் அந்தக் கட்டைவிரல் ரேகை இன்னும் லேசாகத் தெரிகிறது. நான் அதைத் தேய்த்து எடுக்கவில்லை.